ஃபோகஸ் நின்ற இடம்

லென்ஸக்காவுக்குப் போட்டோ லென்ஸைக் கண்டாலே ஆகாது. சினிமாக்காரர்களுக்கு லென்ஸ் வாடகைக்கு விடும் கம்பெனியில் அவள்தான் மெக்கானிக். லென்ஸைப் பிரிப்பது, துடைப்பது, கிரீஸ் மாற்றுவது, அளவு பார்த்துத் திரும்பப் பூட்டுவது எல்லாம் அவள் கைதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளிகூட அவளை லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்குச் சொன்னது, அப்புறம் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“ரெண்டும் கண்ணாடிதானே, சினிமா லென்ஸுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு அலட்டல்?” என்று புதிதாக வரும் யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கையில் இருக்கும் டீ ஆறிப்போகும் வரை அவரை விடமாட்டாள்.

“போட்டோ லென்ஸ் ஒரே ஒரு கணத்துக்காகச் செஞ்சதுங்க. வளையத்தை இத்தனூண்டு திருப்பினா மூக்கு நுனியிலேருந்து மலை வரைக்கும் ஓடிடும். சட்டுனு பிடி, பட்டுனு அமுக்கு, வீட்டுக்குப் போ. சினிமாவுல ஆள் நடந்து வருவான். அவன் கூடவே ஃபோகஸும் நடக்கணும். அதான் வளையம் கிட்டத்தட்ட முழுச் சுத்து சுத்துது. எல்லாத் தூரத்துக்கும் கோடு போட்டிருக்கு, ஒவ்வொரு கோடும் சத்தியம். போட்டோ லென்ஸுல மூணு மீட்டர்னு ஒண்ணு எழுதியிருக்கும், அதுக்கு அடுத்தது படுத்துக்கிட்டிருக்கிற எட்டு, முடிவே இல்லாத தூரம்னு அர்த்தம். நடுவுல நிக்கிறவன் கதி அதோகதி.”

இதையெல்லாம் ஒரு காலத்தில் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்போது எதிரில் அவள் தம்பி உட்கார்ந்திருப்பான். ஷூட்டிங் நடக்கும் இடங்களில் ஸ்டில் போட்டோ எடுப்பது அவன் தொழில். “உன் லென்ஸுக்குப் பேசவே தெரியாதுக்கா. என்னோடதைக் கேளு,” என்று தன் பழைய லென்ஸை எடுத்து அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்புவான். டிக், டிக், டிக். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த வளையம் போட்டோ லென்ஸில் படிக்குப் படி சத்தம் போட்டு நிற்கும். ஓடும் படத்தில் வெளிச்சம் குதித்தால் பார்ப்பவர் கண்ணில் உறுத்தும் என்பதால் சினிமா லென்ஸில் படியும் கிடையாது, சத்தமும் கிடையாது. தம்பிக்கு யோசனை வந்தாலும் டிக், கோபம் வந்தாலும் டிக். சாப்பிடும்போதுகூட இடது கை சும்மா இருக்காது.

அவன் போய் ஒரு வருஷமாகிவிட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. அவள் பாத்திரம் கழுவும்போது கேட்கும். குழாயை மூடினால் நின்றுவிடும். துணி மடிக்கும்போது பின்னால் கேட்கும். லென்ஸ் என்னவோ அவன் அறை அலமாரியில், துணிப்பைக்குள்தான் கிடந்தது. முதலில் எலி என்று நினைத்தாள். பிறகு சுவர்க்கடிகாரம் என்று நினைத்து அதன் பேட்டரியைக் கழற்றினாள். கடிகாரம் நின்றது, டிக் நிற்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கிறதா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து விழுந்தான். அந்த மாடிக்கு அவன் அடிக்கடி போவான். அங்கே நின்றால் ஊர் முழுவதும் தெரியும், காவலாளியும் பழக்கம். விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. அந்தப் பழைய லென்ஸோடு கேமரா மட்டும் மேலே, மாடி நடுவே இருந்த மார்பு உயரச் சுவர் ஒன்றின் மேல், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. எல்லோருக்கும் அது போதுமானதாகிவிட்டது. கால் தவறி விழுபவன் கேமராவைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டா விழுவான்? போதாததற்கு அதற்கு முந்தின வாரம்தான் ஒரு படத்திலிருந்து அவனை நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விசாரிக்க வந்தவர் கேமராவில் கடைசிப் படத்தைப் பார்த்தார். வானமும் தூரத்துக் கட்டடங்களும் இருந்தன, எல்லாமே கலங்கல். “மனசு ஒரு நிலையில இல்லாதப்ப எடுத்திருக்கார் போல,” என்றார். கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஒரு பேச்சு அந்த வீட்டை உள்ளேயிருந்து அரித்துவிட்டது.

அம்மா அழவில்லை, கோபித்துக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைல்ல? போகட்டும்,” என்றாள். அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். சுவரில் அவன் படத்தை மாட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். மாட்டுவதற்கு உருப்படியாக ஒரு படமும் இல்லை. ஊரில் உள்ளவன் மூஞ்சியையெல்லாம் எடுத்தவன் தன் மூஞ்சியை யாரையும் எடுக்க விட்டதில்லை. அவனைக் கொண்டுபோன அன்று அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அவன் எதையோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்தான். இந்த விஷயத்துக்காக அம்மா அவனோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறாள். “வீட்டுல மாட்ட உன் படம் ஒண்ணு குடுடா,” என்பாள். “சாயங்காலம் தரேம்மா,” என்பான். அந்தச் சாயங்காலம் வந்ததே இல்லை.

லென்ஸக்காவின் போனில் அந்தக் கடைசிப் படம் இருந்தது. பஸ்ஸில், கடை வாசலில், கழிப்பறையில்கூட அதை எடுத்துப் பார்ப்பாள். உற்றுப் பார்த்தால் கலங்கலுக்குள் யாரோ நிற்பது போல இருக்கும். பெரிதாக்கினால் வெறும் சாம்பல் நிறம். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தம்பி வேண்டுமென்றே போனானா, இல்லையா. இது தெரியாமல் அம்மாவும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு வாய் சோறு தின்னப் போவதில்லை.

ஒரு நாள் காலையில் முதலாளி அவள் மேஜைக்கு வந்து, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நெளிந்தார்.

“ஒரு லேடி ஒளிப்பதிவாளர் வந்திருக்காங்க லென்ஸக்கா. பேய்ப் படமாம். நம்ம லென்ஸெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்காம், பழைய போட்டோ லென்ஸ்தான் வேணுங்கிறாங்க.”

“ஏன், ஒழுங்கா இருந்தா பேய் வராதாமா?”

“நீ வேற. சினிமாவுக்குத் தோதா வளையம் மாத்திக் குடுக்கணும், அவ்வளவுதான். அவங்க கேக்கிற ரகம் எங்கயும் கிடைக்கல.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “உன் தம்பிகிட்ட ஒண்ணு இருந்துச்சு...”

அவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். அவர் பயந்து ஓரடி பின்னால் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவளுக்குள் வேறு ஒன்று ஓடியது. வளையம் மாற்றும்போது முதலில் கழற்றுவது அந்த டிக் போடும் சின்ன உருண்டையைத்தான். அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டால் சத்தம் நின்றுவிடும். பிறகு லென்ஸே வீட்டை விட்டுப் போய்விடும்.

“கொண்டு வரேன்,” என்றாள்.

மறுநாள் மதியம் துணிப்பையோடு சோதனை அறைக்குள் போனாள். ஜன்னல் இல்லாத, கறுப்பு வண்ணம் அடித்த அறை. ஒரு பக்கம் வெள்ளைச் சுவர். எதிரே சக்கரம் வைத்த மேஜையில் ஒரு புரொஜெக்டர். லென்ஸை அதில் மாட்டினால் கோடும் எண்ணும் நிறைந்த ஒரு படம் சுவரில் விழும். அதன் கூர்மையைப் பார்த்து லென்ஸின் நோய் என்ன என்று சொல்லிவிடலாம். வேலைக்கு வரும் எந்த லென்ஸையும் தொடுவதற்கு முன், வந்த கோலத்திலேயே ஒரு தடவை அதில் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான்.

பையைத் திறந்ததும் மஞ்சள் டேப் கண்ணில் பட்டது. ஷூட்டிங்கில் எல்லோர் இடுப்பிலும் தொங்கும் துணி டேப். ஃபோகஸ் வளையத்தை அசையவிடாமல் இறுக்கி ஒட்டியிருந்தான். வளையம் தளர்ந்துபோய் இப்படி ஒட்டுப் போட்டிருக்கிறான், சோம்பேறி, என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். டேப்பின் ஓரத்தை விரலால் தள்ளிப் பார்த்தாள். அடியில் வளையம் இறுக்கமாக, நன்றாகத்தான் இருந்தது.

அப்படியே மாட்டி விளக்கைப் போட்டாள். சுவரில் ஒரு கலங்கல் விழுந்தது. போனில் இருக்கும் அந்தப் படத்தின் அதே கலங்கல்.

வழக்கமாக வளையத்தைத் திருப்பிக் கூர்மை கொண்டுவருவாள். டேப்பைப் பிய்க்க மனம் வரவில்லை, அதனால் மேஜையை நகர்த்தினாள். சக்கரம் கிறீச்சிட்டது. பின்னால் இழுத்தாள், இன்னும் கலங்கியது. முன்னால் தள்ளினாள். சுவரை நெருங்க நெருங்க, மூடுபனிக்குள்ளிருந்து ஆள் வருவது மாதிரி, கோடுகள் எழுந்து வந்தன. ஓர் இடத்தில் எல்லாம் சட்டென்று தெளிந்து நின்றது. அந்த நொடியில் லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டித் துழாவினாள். வெறும் காற்றும், விரல்களின் நிழலும்தான்.

அளவு நாடாவைப் பிடித்தாள். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் படத்தில் இருந்தது ஊர். ஊர் எங்கே, மூன்று மீட்டர் எங்கே? ஊரை எடுப்பவன் படுத்துக்கிடக்கும் எட்டில் வளையத்தை விட்டிருப்பான். இவன் ஃபோகஸை இவ்வளவு பக்கத்தில் வைத்து, அது நகராமல் டேப்பும் ஒட்டியிருக்கிறான். படம் கலங்கிப்போன படமே இல்லை. ஓர் ஆளுக்காக எடுத்த படம், ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை.

வேறு யாராவது அங்கே இருந்தார்களா? இருந்திருந்தால் வளையத்தை எதற்கு ஒட்ட வேண்டும்? கையில் பிடித்துத் திருப்பிக்கொள்ளலாமே. கேமராவைச் சுவரில் வைத்து, வளையத்தை ஒட்டி, சில நொடி கழித்துத் தானாகச் சொடுக்கும் டைமரை அமுக்கிவிட்டு ஓடுகிறவன் தன்னைத்தானே எடுக்கிறவன். அந்தக் கேமரா அணைந்ததும் டைமரை மறந்துவிடும் ரகம். விசாரித்தவர்கள் கண்ணில் எதுவும் பட்டிருக்காது. சுவரின் மேல் பத்திரமாக வைத்தது விடைபெறுவதற்கு இல்லை, தன் படம் எடுத்துக்கொள்வதற்கு. அவன் குதிக்கவில்லை.

சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து அம்மாவுக்குப் போன் போடப் போனவள், எண்ணை அமுக்காமல் நின்றாள். யார் படத்தையும் எடுக்கும் தம்பி தன் படத்தை எதற்கு எடுத்தான்? யாருக்காக எடுத்தான்? விழுந்த அன்று காலை அவன் செருப்பை மாட்டும்போது அம்மா வாசலில் வழிமறித்துப் படம் கேட்டாளே, அவன் “சாயங்காலம்மா, சத்தியமா” என்றானே. வழக்கமான சண்டை என்று அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை நம்மை வேண்டாம் என்று போய்விட்டான் என்பது ஒரு வேதனை. பிள்ளை நான் கேட்டதற்காகப் போய்ச் செத்தான் என்பது இன்னொன்று. இதில் எதைக் கொண்டுபோய் அம்மா மடியில் போடுவது? லென்ஸக்கா அன்று எதையும் பிரிக்கவில்லை. லென்ஸை அப்படியே பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவிடம் எதையும் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் தள்ளினாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கேமராப் பையையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அம்மா குறுக்கே வந்தாள்.

“எங்கடி போறே, அவன் பையைத் தூக்கிக்கிட்டு?”

“ஒரு அளவு பாக்கணும்மா.”

“எங்க?”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து செருப்பைப் போட்டாள். “நட,” என்றாள்.

கட்டடம் அப்படியேதான் இருந்தது. சாரம் பிரித்திருந்தார்கள், வேறு ஒன்றும் நடக்கவில்லை. அதே காவலாளி. அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தவர், ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். கைப்பிடி இல்லாத படி. அம்மா ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள், ஆனால் திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை.

மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. லென்ஸக்கா மார்பு உயரச் சுவரின் மேல் கேமராவை வைத்து லென்ஸை மாட்டினாள். போனிலிருந்த படத்தோடு ஒப்பிட்டு, தூரத்துத் தண்ணீர்த் தொட்டி அதே மூலையில் வரும் வரை திருப்பினாள். பிறகு நாடாவின் முனையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தாள். நாடாவில் அந்த அளவு வந்ததும் குனிந்தாள்.

சிமென்ட் தரையில் ஒரு கறை. நீளமாக ஒரு பட்டை, அதன் தலையில் குறுக்கே இன்னொரு பட்டை. பசை அழுக்குப் பிடித்துக் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் நூல் நாலைந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் மாடி முடிந்தது. கணுக்கால் உயரத்துக்கு ஒரு வரிசைச் செங்கல், அவ்வளவுதான் தடுப்பு.

“அது அப்பவே இருந்துச்சும்மா,” என்றார் காவலாளி. “கொத்தனாருங்க எதுக்கோ ஒட்டியிருப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

“என்னடி அது?” என்றாள் அம்மா.

லென்ஸக்கா தரையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “ஷூட்டிங்ல நடிக்கிறவங்க வந்து நிக்கிற இடத்துக்கு இப்படித்தாம்மா குறி ஒட்டுவாங்க. தம்பி தனக்கு ஒட்டியிருக்கான். கேமராவை அங்க வச்சிட்டு இங்க வந்து நின்னு தன்னையே எடுக்கப் பாத்திருக்கான். ஃபோகஸ் இந்த இடத்துலதான் நிக்குது. நான் அளந்துட்டேன்.”

“அப்போ குதிக்கலையா?”

“குதிக்கிறவன் எதுக்கும்மா நிக்கிற இடத்துக்குக் குறி போடுறான்?”

“அப்புறம் எப்படிடி விழுந்தான்?”

“குறியைக் குனிஞ்சு பாக்கக் கூடாதுன்னு ஷூட்டிங்ல ஒரு பழக்கம். கண்ணு லென்ஸுலயே இருக்கணும், காலாலதான் தேடணும். இவன் டைமரை அமுக்கிட்டு, கேமராவைப் பாத்துக்கிட்டே பின்னால வந்திருக்கான். சினிமாவா இருந்தா குறியைத் தாண்டினாலும் பரவாயில்லை. லென்ஸைத் திருப்ப ஒருத்தன் இருப்பான், ஆள் போற இடத்துக்கெல்லாம் ஃபோகஸ் போகும். இது போட்டோ. ஃபோகஸ் நின்ன இடத்துக்கு ஆள்தான் வந்து சேரணும். அதைத் தேடித்தான்...”

கேமரா தானாகச் சொடுக்கியபோது அவன் அந்தரத்தில் இருந்திருப்பான், அல்லது கீழே போய்ச் சேர்ந்திருப்பான். அதை அவள் சொல்லவில்லை. அம்மா குனிந்து அந்தக் கறையைப் பார்த்தாள். பிறகு லென்ஸக்கா இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வி வந்தது.

“அவனுக்குத்தான் தன் மூஞ்சியை எடுத்தாப் பிடிக்காதே. எதுக்குடி எடுத்தான்?”

“யாராவது வேலைக்குக் கேட்டிருப்பாங்கம்மா. புதுப் படம் ஏதாவது...”

“பொய் சொல்லாதே.” அம்மா தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை அந்தக் கறையின் மேல் வைத்தாள். “நான் கேட்டேன். செருப்பை மாட்டவிடாம வாசல்ல நின்னுக்கிட்டுக் கேட்டேன்.”

அப்போதுதான் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு படிப்பக்கம் போனார். லென்ஸக்காவுக்குத் தான் செய்தது தப்பா சரியா என்று தெரியவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு, “நீ கேட்டதாலதாம்மா அவன் எடுக்க வந்தான். நமக்குக் குடுக்கத்தான் வந்தான். விட்டுட்டுப் போகல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அவள் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“ஒண்ணு கேப்பேன், சொல்வியா?” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “வீட்டுல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். உனக்கும் கேக்குதா?”

“கேக்குதும்மா.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேமராவின் பின்னால் போய் நின்றாள். “எதை அமுக்கணும்?”

லென்ஸக்கா காட்டிவிட்டு வந்து கறைக்கு முன்னால் நின்றாள். அம்மா திரையில் கண்ணைப் பதித்திருந்தாள்.

“மங்கலா இருக்கியே. பின்னால போ. ஐயோ, பாத்து, தரையைப் பாத்துப் போ!”

அவள் கீழே பார்த்துக்கொண்டே, ஒரு கால் ஒரு காலாக வைத்துக் குறியில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஊர் இரைந்துகொண்டிருந்தது.

“நில்லு. இப்போ தெரியுறே. மூக்குத்தி வரைக்கும் தெரியுது.” அம்மாவின் விரல் பொத்தானுக்குப் போனது, அமுக்காமல் நின்றது. “கொஞ்சம் தள்ளி நில்லுடி. அவனுக்கு இடம் விடு.”

லென்ஸக்கா பக்கவாட்டில் நகர்ந்தாள். குறி காலியாயிற்று. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இல்லை என்று தெரிந்துவிடும் என்று பயந்தாள். அம்மா உடனே அமுக்கவில்லை. வெளியே போன பிள்ளை வந்து சேரட்டும் என்று சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருப்பாளே, அதே மாதிரி ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு, “சிரிங்க ரெண்டு பேரும்,” என்று சொல்லிவிட்டு அமுக்கினாள்.